திருட்டு பிடிஎஃப்பும் புதுச் சட்டமும்: எதில் கையெழுத்துப் போடுவது?

கேள்வி:

பல ஆண்டுகளாக நாவல் எழுதுகிறேன். கடைசி இரண்டு நாவல்களை நானே மின்னூலாக வெளியிட்டேன். வெளியான வாரமே அவற்றின் பிடிஎஃப் டெலிகிராம் குழுக்களிலும் பெயர் தெரியாத தளங்களிலும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு இடத்தில் எடுக்கச் சொன்னால் நாலு இடத்தில் முளைக்கிறது. இப்போது எங்கள் நாட்டில் ஒரு சட்ட வரைவு வந்திருக்கிறது. உரிமையாளர் புகார் கொடுத்ததுமே தளத்தை முடக்கலாம், யார் எதைப் பதிவேற்றினாலும் தளங்கள் முன்கூட்டியே வடிகட்டிப் பார்க்க வேண்டும் என்கிறது. எங்கள் எழுத்தாளர் சங்கம் ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறது. கணினித் துறையில் இருக்கும் என் மகளோ, இது இணையத் தணிக்கை, எதிர்ப்பு மனுவில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று தினமும் சண்டை போடுகிறாள். எதிர்த்தால் என் புத்தகத்தைத் திருடியவனுக்கே துணை போனது ஆகாதா?

பதில்:

ஆகாது. உங்கள் மகள் சொல்லும் முடிவு சரி. ஆனால் ‘தணிக்கை’ என்ற ஒற்றைச் சொல்லால் உங்களைச் சம்மதிக்க வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. உழைத்து எழுதியதை எவனோ எடுத்து விநியோகிக்கிறான், அதில் விளம்பரம் போட்டுக் காசும் பார்க்கிறான். அந்தக் கோபம் நியாயமானது. பதிப்புரிமை வழக்குகளில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். பதிப்பாளர்களுக்காக நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், தவறாக நீக்கப்பட்டவர்களுக்காகப் பதிலும் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மாதிரிச் சட்டத்தை ஓர் எழுத்தாளர் எதிர்ப்பதற்கான முதல் காரணம், அது எழுத்தாளரையே அடிக்கும் என்பதுதான்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, இந்த வரைவுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. புகார் கொடுப்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. புகாருக்கு ஆளானவர்தான் ஓடியாடி நிரூபிக்க வேண்டும். புகார் பொய்யென்று தெரிந்தால் கொடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வரைவில் பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டா என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது.

இப்போது இருக்கும் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் புகார் அனுப்பும் பெரிய தளங்களில் பல அமெரிக்க நிறுவனங்கள். அவை 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற சட்டத்தின்படி நடக்கின்றன. உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பினால் தளம் அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் தளத்தின் மேல் பொறுப்பு வராது. பதிவேற்றியவர் ‘இது என்னுடையதுதான், தவறாக எடுத்துவிட்டீர்கள்’ என்று எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்தால், புகார் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் அதைத் திரும்பப் போட வேண்டும். எதிர் நோட்டீஸில் சொந்தப் பெயர், முகவரி, அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்ற ஒப்புதல் எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பிடிஎஃப்பைப் போட்டவன் முகவரி கொடுத்துச் சண்டைக்கு வரமாட்டான். ஆகவே உண்மையான திருட்டில் இந்த வழி ஓரளவுக்கு வேலை செய்கிறது.

வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸில் பொய் சொன்னால் தண்டனை என்று ஒரு வரி உண்டு. படிப்பவர்கள் புகார் முழுவதற்கும் அது பொருந்தும் என்றே நினைப்பார்கள். உண்மையில் ‘உரிமையாளர் சார்பாகப் பேச எனக்கு அதிகாரம் உண்டு’ என்ற பகுதிக்கு மட்டும்தான் அது. ‘இது உரிமை மீறல்’ என்ற பகுதிக்கு நல்லெண்ணத்தோடு அப்படி நம்பினால் போதும். தெரிந்தே பொய் சொன்னவர் மேல் நஷ்டஈடு கேட்கத் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, ஆனால் அதை நிரூபித்து ஜெயிப்பது குதிரைக்கொம்பு. 2007-இல் ஒரு தாய் தன் கைக்குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 விநாடி படம் பிடித்து யூடியூபில் போட்டார். பின்னால் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் பாட்டு ஒன்று கரகரவென்று கேட்கிறது. இசை நிறுவனம் அதை எடுக்க வைத்தது. அந்தத் தாய் வழக்குப் போட்டார். நோட்டீஸ் அனுப்பும் முன் இது நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி வாங்காமலே சட்டம் இடம் தரும் பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்ற தீர்ப்பு 2015-இல்தான் வந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தபோது 2018. குழந்தை அதற்குள் பள்ளியில் மேல் வகுப்புக்குப் போயிருக்கும்.

மனிதர்கள் பார்த்து அனுப்பும் நோட்டீஸிலேயே இவ்வளவு குளறுபடி. உங்கள் வரைவு கேட்பது தானியங்கி வடிகட்டியை. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு எழுத்தாளர் தெரிந்துகொள்வது நல்லது. உரிமையாளர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் தங்கள் படைப்பை ஒரு தரவுத்தளத்தில் சேர்ப்பார்கள். புதிதாக எது பதிவேற்றப்பட்டாலும் கணினி அதோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் நிறுத்தும், இல்லையென்றால் விளம்பர வருமானத்தைத் தரவுத்தளத்தில் இருப்பவருக்குத் திருப்பிவிடும். ஒப்பிடுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். மேற்கோளா, விமர்சனமா, கிண்டலா என்பதெல்லாம் அதற்குப் புரியாது. எது உண்மையில் யாருடையது என்பதும் தெரியாது.

ஆஸ்திரேலியாவில் இசைத் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஒருவர், பத்து மணி நேரத்துக்கு வெறும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலை மட்டும் தானே உருவாக்கி யூடியூபில் போட்டிருந்தார். பழைய தொலைக்காட்சியில் படம் வராதபோது கேட்குமே, அந்த ஓசை. 2018-இன் தொடக்கத்தில் அந்த இரைச்சலின் மேல் ஐந்து உரிமைக் கோரிக்கைகள் வந்து நின்றன. இரைச்சலை வைத்துத் தூக்க ஒலி விற்றவர்கள் தரவுத்தளத்தில் சேர்த்திருந்தார்கள், கணினி ஒப்பிட்டது, ஒத்துப்போனது, அவ்வளவுதான். செய்தி வெளியானதும் கோரிக்கைகள் வாபஸ் ஆயின. வெளியாகாத ஆயிரம் பேருக்கு என்ன ஆனது என்று நாம் கேள்விப்படப்போவதில்லை. 2012 ஆகஸ்டில் க்யூரியாசிட்டி விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது நாசா தன் சொந்தக் காணொளியைத் தன் சொந்தச் சேனலில் போட்டது. ஒரு செய்தி நிறுவனத்தின் பெயரில் வந்த உரிமைக் கோரிக்கையால் அது கொஞ்ச நேரத்துக்குக் காணாமல் போனது. செவ்வாய்க்கு வண்டி அனுப்பியவர்களுக்கே இந்தக் கதி. நாசா என்பதால் சில மணி நேரத்தில் திரும்ப வந்தது.

இப்போது உங்கள் நாவலுக்கு வாருங்கள். அதைத் திருடியவன், பெயரை மட்டும் மாற்றி, உங்களுக்கு முன்னால் அந்தத் தரவுத்தளத்தில் சேர்த்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் முதல் அத்தியாயத்தை நீங்களே உங்கள் பக்கத்தில் போடும்போது கணினி உங்களைத்தான் திருடன் என்று சொல்லும். இது என் கற்பனை என்று நினைக்காதீர்கள். இசையில் இது பலமுறை நடந்திருக்கிறது. பெரிய பதிப்பகத்துக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது, தளத்தில் நேரடியாகப் பேச ஆள் இருக்கிறது. தனியாக மின்னூல் போடும் உங்களுக்கு ‘தங்கள் முறையீடு பரிசீலனையில் உள்ளது’ என்ற மின்னஞ்சல்தான் வரும்.

அப்புறம் மேற்கோள். உங்கள் நாவலைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் ஒரு பத்தியை எடுத்துக் காட்டத்தான் செய்வார்கள். அந்த விமர்சனம் வடிகட்டியில் சிக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த பதிப்புரிமை ஆணையின் 17-ஆம் பிரிவு, பயனர்கள் பதிவேற்றுவதற்குத் தளங்களையே பொறுப்பாக்குகிறது. அதன் மேல் போலந்து வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்யவில்லை. ஆனால் சட்டப்படியான பதிவையும் சட்டவிரோதமான பதிவையும் சரியாகப் பிரித்தறிய முடியாத வடிகட்டி கருத்துச் சுதந்திரத்தோடு ஒத்துப்போகாது என்று தெளிவாகச் சொன்னது. அப்படிப் பிரித்தறியும் வடிகட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் காட்டவில்லை.

சரி, முடக்கம். ‘திருட்டுத் தளத்தை மூடினால் என்ன தப்பு?’ என்று உங்கள் சங்கத்தில் கேட்பார்கள். திருட்டுத் தளத்தை மட்டும் மூடினால் தப்பில்லை. அப்படி மட்டும் மூடியதாகச் சரித்திரம் குறைவு. 2010 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகள் ஒரு ஹிப்ஹாப் இசைத் தளத்தின் முகவரியைப் பறிமுதல் செய்தார்கள். அங்கே இருந்த பாடல்களில் சில, விளம்பரத்துக்காக இசை நிறுவனத்தார் தாங்களே அனுப்பியவை என்று தளத்துக்காரர் சொன்னார். ஓராண்டுக்கு மேல் குற்றப்பத்திரிகையும் இல்லை, விசாரணையும் இல்லை. 2011 டிசம்பரில் சத்தமில்லாமல் முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வருட வாசகர்களை யார் திருப்பிக் கொடுப்பது? அதே 2011-இன் பிப்ரவரியில் வேறொரு பறிமுதலில், ஒரே முகவரியின் கீழ் இருந்த ஏறத்தாழ 84,000 சிறு தளங்கள் மொத்தமாக முடங்கின. திறந்தால் சிறுவர் ஆபாசப் படம் தொடர்பாகப் பறிமுதல் என்று அரசு முத்திரையோடு அறிவிப்பு. தன் குடும்பப் படங்களையும் தொழில் விவரங்களையும் போட்டு வைத்திருந்தவர்களின் பக்கத்தில் இப்படி ஒரு பலகை.

காரணம் எளிமையானது. இணையத்தில் ஒரே பெயர் முகவரியையோ எண் முகவரியையோ ஆயிரக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்வது உண்டு. ஒன்றைக் குறிவைத்தால் மற்றவையும் விழும். இத்தாலியில் விளையாட்டு ஒளிபரப்புத் திருட்டைத் தடுக்க ஒரு முடக்க ஏற்பாடு 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர் சொன்னால் அரை மணி நேரத்துக்குள் இணைய நிறுவனங்கள் முடக்கியாக வேண்டும். அரை மணி நேரத்தில் யார் எதைச் சரிபார்ப்பது? அதே ஆண்டு அக்டோபரில் கூகுள் டிரைவின் முகவரி ஒன்று அதில் மாட்டி, நாடு முழுக்கப் பலருக்குத் தங்கள் சொந்தக் கோப்புகளையே இறக்க முடியாமல் போனது. எல்லை தாண்டியும் போகும் இது. 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் நாட்டுக்குள் யூடியூபை முடக்கக் கிளம்பியது. அங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனம் செய்த வழித்தட மாற்றம் வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் யூடியூபே இல்லை.

மகள் சொல்லும் தணிக்கைக்கு இப்போது வருகிறேன். பதிப்புரிமைப் புகார், வாயை அடைக்க உலகிலேயே மலிவான கருவி. அவதூறு வழக்கென்றால் வக்கீல் வேண்டும், நீதிபதி வேண்டும், வருடங்கள் ஆகும். பதிப்புரிமைப் புகாருக்கு ஒரு படிவம் போதும். ஈக்வடாரில் ரஃபேல் கொரேயா அதிபராக இருந்தபோது, அவரை விமர்சித்த ஆவணப்படமும் காணொளிகளும் அரசுத் தொலைக்காட்சியின் காட்சிகளைப் பயன்படுத்தின என்ற காரணத்தால் நீக்கப்பட்டன. புகார்களை அனுப்பியது ஒரு ஸ்பானிய நிறுவனம், சட்டம் அமெரிக்காவுடையது. அரசின் பேச்சை விமர்சிக்க அரசின் பேச்சைக் காட்டித்தானே ஆக வேண்டும்!

இன்னும் பச்சையாக ஒன்று. 2021-இல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றத்துக்கு வெளியே சிலர் ஒரு போலீஸ்காரரோடு பேசுவதைப் படம் பிடிக்கிறார்கள். அவர் நிதானமாகத் தன் கைப்பேசியை எடுத்து டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டை ஓட விடுகிறார். ஏன் என்று கேட்டால், இந்தக் காணொளி யூடியூபில் போகக்கூடாது என்பதற்காகத்தான் என்று அவரே சொல்கிறார். அவருக்கு மிரட்டவும் வேண்டியிருக்கவில்லை, கேமராவைப் பிடுங்கவும் வேண்டியிருக்கவில்லை. வடிகட்டி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. அந்தக் காணொளி பரவிவிட்டது என்பது வேறு கதை. சட்டத்தை அமல்படுத்துகிறவருக்கே இந்த யோசனை வருகிறதென்றால், உங்கள் வரைவு நிறைவேறிய மறுநாள் ஊழல் செய்தி ஒன்றில் அடிபட்டவருக்கு வராதா?

எதிர்த்து என்ன ஆகப்போகிறது என்றும் உங்களுக்குத் தோன்றலாம். 2011 அக்டோபரில் அமெரிக்காவில் சோப்பா என்ற மசோதா வந்தது. தளங்களின் பெயரையே முகவரிப் பட்டியலிலிருந்து மறைப்பது, பணம் செலுத்தும் வழியையும் விளம்பரத்தையும் துண்டிப்பது என்று எல்லாம் அதில் இருந்தது. 2012 ஜனவரி 18-ஆம் தேதி ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் கறுப்புத் திரை போட்டது. கூடவே ஆயிரக்கணக்கான தளங்கள். இரண்டே நாளில் மசோதா ஒத்திவைக்கப்பட்டது, அப்படியே கிடப்பில் போனது. அதே ஆண்டு ஜூலையில் போலிப் பொருட்களையும் பதிப்புரிமை மீறலையும் தடுப்பதற்கான ஆக்டா என்ற சர்வதேச ஒப்பந்தத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற கணக்கில் நிராகரித்தது. அதற்கு முன் அதை எதிர்த்துக் குளிரில் தெருவில் நின்றவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பிரான்சில் மூன்று முறை எச்சரித்துவிட்டு இணைய இணைப்பையே துண்டிக்கலாம் என்ற சட்டத்தை 2009 ஜூனில் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் தடுத்தது. நீதிபதி இல்லாமல் ஒரு நிர்வாக அமைப்பு அதைச் செய்ய முடியாது என்றது. நீதிமன்றம் வழியாகத் துண்டிக்கலாம் என்று திருத்திக் கொண்டுவந்தார்கள். 2013-இல் துண்டிப்புத் தண்டனையே கைவிடப்பட்டது.

உங்கள் மகளுக்கும் ஒரு வார்த்தை. சோப்பாவை எதிர்த்த வரிசையில் பெரிய இணைய நிறுவனங்களும் நின்றன, அவற்றுக்கு அதில் சொந்த லாபக் கணக்கும் இருந்தது. எழுத்தாளர்களின் சந்தேகம் அங்கிருந்துதான் வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2019-இல் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டும் 17-ஆம் பிரிவு நிறைவேறியதற்கு, படைப்பாளிகளில் பெரும்பகுதி அந்தப் பக்கம் நின்றதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ‘இணையம் சுதந்திரமாக இருக்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லி உங்களைப் போன்றவர்களின் கையெழுத்தை வாங்க முடியாது. பிடிஎஃப்புக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும்.

சொல்கிறேன். முதலில் ஆதாரம்: திருட்டுப் பிரதியின் முழுமையான இணைப்பு, தேதி தெரியும் திரைப்பதிவு, உங்கள் நூல் முதலில் வெளியான பக்கம், மூலக் கோப்பு. இவற்றை ஒரே கோப்புறையில் வையுங்கள். பிறகு, கோப்பு எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். பல குழுக்களில் இருப்பது வெறும் இணைப்புதான், பிடிஎஃப் வேறொரு சேமிப்புத் தளத்தில் இருக்கும். குழுவோடு மல்லுக்கட்டாமல் அந்தச் சேமிப்புத் தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால் ஒரே அடியில் பல குழுக்களின் இணைப்பு செத்துவிடும். கோப்பே டெலிகிராமில் இருந்தால் அதற்கும் பதிப்புரிமைப் புகாருக்கான வழி உண்டு. தேடுபொறிக்குத் தனியாக அனுப்புங்கள். புதிய வாசகர் உங்கள் நாவலின் பெயரைத் தேடும்போது முதல் பக்கத்தில் திருட்டுப் பிரதி வராமல் இருந்தாலே பாதிப் பலன். ‘நாங்கள் மொத்தமாக நோட்டீஸ் அனுப்புகிறோம்’ என்று வரும் ஏஜென்சிகளிடம் கவனமாக இருங்கள். பெயர் ஒத்துப்போனால் போதும் என்று உங்கள் புத்தகத்தைப் பாராட்டி எழுதிய பக்கத்தையும், சில சமயம் விற்பனைப் பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கடைசிக் குழு வரை துரத்த நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அடுத்த நாவலை எழுதலாம்.

இனி கையெழுத்து. எதிர்ப்பு மனுவில் போடுங்கள். சங்கத்தின் கடிதத்தில் போடாமல் விடுவதோடு நிறுத்தாமல், ஏன் போடவில்லை என்று சங்கத்துக்கு எழுதுங்கள். உறுப்பினர் ஒருவர் எழுதுவதற்கு வெளியிலிருந்து வரும் நூறு மனுவைவிட மதிப்பு அதிகம். திருட்டை எதிர்ப்பதில் உடன்படுவதாகச் சொல்லிவிட்டு, திருத்தமாக இவற்றைக் கேளுங்கள்: நீதிமன்ற உத்தரவு இல்லாமல் முடக்கம் கூடாது, முடக்கினால் குறிப்பிட்ட பக்கத்தை மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், முடக்கும் முன்போ, அவசரமென்றால் உடனடியாகப் பின்போ, பாதிக்கப்படுபவருக்குத் தகவல் போக வேண்டும், என்னென்ன முடக்கப்பட்டது என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரிய வேண்டும், பதிவேற்றத்தை முன்கூட்டியே வடிகட்டும் கட்டாயம் எடுக்கப்பட வேண்டும், பொய்ப் புகார் கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும். கடைசியாகச் சொன்னதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றவற்றை அதிகாரிகள் ‘விதிகளில் பார்த்துக்கொள்கிறோம்’ என்று தள்ளிப்போடுவார்கள். நஷ்டஈடு சட்டத்திலேயே இருந்தால்தான் நிற்கும்.

வரைவின் நகல் கையில் இருந்தால் ‘வரையறைகள்’ என்ற பகுதியையும் ‘இடைக்கால நடவடிக்கை’ என்ற தலைப்பில் இருப்பதையும் அனுப்புங்கள். எந்தத் தளத்தையும் உள்ளே இழுக்கும் வாசகம் வழக்கமாக இந்த இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கும். சங்கத்துக்கான கடிதத்தை அதைப் பார்த்த பிறகு எழுதினால் பிரிவு எண்ணோடு குறிப்பிடலாம்.